வீதிப் பக்கத்து ஜன்னல்

அலவத்துகொட
21 டிசம்பர் 2025

அன்பு மகன் அஸ்ஃபருக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நான், பஸ்லினா சாச்சி, கைரியா மூவரும் இங்கே உயிரோடு இருக்கிறோம். இந்த இடத்தில் ‘நலம்’ என்று எழுதுவதுதான் வழக்கம். அரசாங்கக் கச்சேரியில் ஆயுள் முழுக்க மொழிபெயர்ப்பாளனாக இருந்தவன் மூலத்தில் இல்லாத சொல்லைச் சேர்ப்பதில்லை. என் முழங்கால் மட்டும் நலம். அதை நலமில்லை என்று சொல்ல இப்போது யாருக்கும் நேரமில்லை.

கையில் தொலைபேசி இருக்க ஏன் கடிதம் என்று யோசிப்பாய். உன் தங்கை கைரியாவின் அறைக்கும் என் அறைக்கும் நடுவில் ஒரு பலகைத் தட்டிதான் இருக்கிறது. உன்னோடு பேசினால் அவளைப் பற்றிய செய்தியை அவளுக்கே ஒலிபரப்பியதாகிவிடும். ஆகவே எழுதுகிறேன். நீ தொலைபேசியில் பாதி பாதியாகக் கேட்டதை இங்கே வரிசையாக வைக்கிறேன்.

நவம்பர் கடைசி மழையில், விடியற்காலை அவர்கள் வீடிருந்த மேட்டில் வெடிப்பு கண்டதும் மருமகன் ஸாகி இவளை முதலில் நம் வீட்டுக்கு இறக்கி அனுப்பினார். தன் த்ரீவீல் ஆட்டோவை எடுத்துக்கொண்டு பின்னால் வருவதாகச் சொன்னாராம். இவள் நம் வாசலில் கால் வைக்கும்போது மேடு சரிந்து இறங்கிவிட்டது. இராணுவம் தோண்டியது, பெக்கோ இயந்திரம் தோண்டியது, ஊர் தோண்டியது. வீட்டின் கூரைத் தகடு கிடைத்தது. ஸாகியும் கிடைக்கவில்லை, வீலும் கிடைக்கவில்லை. மண் இன்னும் அசைகிறது என்று சொல்லித் தோண்டுவதை நிறுத்திவிட்டார்கள்.

பள்ளிவாசலில் உலமாக்கள் கூடிப் பேசினார்கள். இப்படியான நிலைமையில் மரணம் உறுதி என்றும், அன்றைய தினத்திலிருந்தே விதவை வீட்டோடு இருக்கும் இத்தாவைக் கணக்கிடலாம் என்றும் முடிவானது. நாலு மாதமும் பத்து நாளும். அதைக் கைரியாவிடம் சொல்லும் வேலை எனக்கு வந்தது. சொன்னேன். தலையை ஆட்டினாள். எந்தப் பக்கம் ஆட்டினாள் என்பதை நாங்கள் யாரும் சரியாகக் கவனிக்கவில்லை.

வெள்ளை உடுத்து, வீதிப் பக்கத்து ஜன்னலுக்கருகே உட்கார்ந்திருக்கிறாள். பேசுவதில்லை. ஒன்று மட்டும் கவனித்தேன். பஸ்ஸுக்கு அசைவதில்லை, லொறிக்கு அசைவதில்லை, த்ரீவீல் சத்தம் கேட்டால் மட்டும் உடம்பு முழுக்க நிமிர்கிறது. இது உன் துறை. என்ன செய்யலாம் என்று எழுது.

வஸ்ஸலாம்.
உன் வாப்பா,
மஹ்மூத்


லெஸ்டர்
6 ஜனவரி 2026

அன்பின் வாப்பாவுக்கு,

வஅலைக்கும் ஸலாம். உங்கள் பிரஷர் எப்படி? முழங்காலைக் கவனியுங்கள். இங்கிலாந்தில் இப்போது கடும் குளிர். எனக்குச் சுகக்கேடு ஒன்றுமில்லை.

தங்கச்சியைப் பற்றி எழுதியதைப் பலமுறை வாசித்தேன். நாங்கள் இங்கே செய்வது மனவடுவை அறிந்து அணுகும் முழுமைசார் உளச்சிகிச்சை. நோயை மட்டும் பார்ப்பதில்லை. உடல், மனம், உறவு, ஆன்மா நான்கையும் ஒன்றாகப் பார்ப்போம். ‘உனக்கு என்ன கோளாறு?’ என்று கேட்பதில்லை. ‘உனக்கு என்ன நடந்தது?’ என்று கேட்போம். ஆனால் அதுவும் முதல் கட்டத்தில் இல்லை. முதல் கட்டம் பாதுகாப்பு உணர்வு. ஆகவே இப்போதைக்கு நடந்ததைப் பற்றி அவளிடம் எதுவும் கேட்க வேண்டாம்.

த்ரீவீல் சத்தத்துக்கு நிமிர்வது மிகைவிழிப்பு. ஆபத்து முடிந்த பிறகும் உடல் அதை நம்பாமல் காவல் நிற்கிறது. சத்தத்தையும் காட்சியையும் குறைக்க வேண்டும். அந்த ஜன்னலுக்குக் கனமான திரை ஒன்று போடுங்கள். கண்ணால் காணும் ஐந்து பொருட்களையும், தொடக்கூடிய நான்கையும், கேட்கும் மூன்றையும் அவள் சொல்லட்டும். அது அவளை இந்த நிமிடத்துக்குக் கொண்டுவரும்.

பல்லேகலயில் இதே முறையில் பயின்றவர்களின் நிலையம் ஒன்று புதிதாகத் திறந்திருக்கிறது. எழுதியிருக்கிறேன். ஆள் வருவார்.

பஸ்லினா சாச்சிக்கு ஸலாம்.
உங்கள் மகன்,
அஸ்ஃபர்


அலவத்துகொட
26 ஜனவரி 2026

அன்பு மகன் அஸ்ஃபருக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். பிரஷர் மாத்திரையை ஒழுங்காக விழுங்குகிறேன். அது ஒன்றுதான் இந்த வீட்டில் ஒழுங்காக விழுங்கப்படுகிறது.

திரை போட்டாயிற்று. கண்டிக்குப் போய், கடைக்காரர் வைத்திருந்ததிலேயே கனமான துணியை வாங்கி வந்தேன். பழுப்பு நிறம். பஸ்லினா சாச்சிக்குப் பெரிய சந்தோஷம். இத்தா இருக்கும் பெண் வீதிப் பக்கம் பார்த்துக்கொண்டிருக்கலாமா என்று அவர் முதல் நாளிலிருந்தே முணுமுணுத்துக்கொண்டிருந்தார். ஆக லெஸ்டரும் பஸ்லினாவும் ஒரு விஷயத்தில் ஒத்துப்போயிருக்கிறீர்கள். இரண்டு பெரிய மரபுகள் ஒரே திரைச்சீலையில் சந்திப்பதை எதிர்த்து நிற்க நான் யார்?

நான் ஆணி அடித்தபோது கைரியா என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். ஏதோ சொல்ல வாயைத் திறந்த மாதிரி இருந்தது. சுத்தியலை நிறுத்திவிட்டுக் காத்திருந்தேன். சொல்லவில்லை. நீயும் கேட்க வேண்டாம் என்று எழுதியிருந்தாய். மிச்ச ஆணியையும் அடித்தேன்.

ஐந்து பொருட்கள் பயிற்சியையும் செய்துபார்த்தோம். அவள் சொல்லாததால் நானே சொன்னேன்: கட்டில், அலுமாரி, கதிரை, திரை, வாப்பா. என்னை இந்த நிமிடத்துக்குக் கொண்டுவந்ததில் பயிற்சிக்கு வெற்றிதான்.

நிலையத்திலிருந்து லோஜினி என்ற பிள்ளை வந்தது. அம்பிட்டியவில் வீடு, தாய் தகப்பன் தோட்டத்தில் வேலை செய்து படிக்க வைத்திருக்கிறார்கள். நல்ல பிள்ளை, மெல்லப் பேசுகிறது. பஸ்லினா சாச்சி வாசலிலேயே மறித்து, “இத்தா இருக்கிற புள்ளட அறைக்குள்ள கண்டவங்களும் போகப் படாது” என்றார். பெண்கள் போகத் தடையில்லை என்று நான் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் லோஜினி எழுந்து நின்று மன்னிப்புக் கேட்டுவிட்டது. பண்பாட்டை மதிப்பது அவர்களுடைய முறையில் முதல் விதியாம். முன்கூடத்தில் உட்கார்ந்து தேத்தண்ணி குடித்துவிட்டுப் போனது.

திரை போட்ட பிறகு த்ரீவீல் சத்தத்துக்கு அவள் நிமிர்வது குறைந்திருக்கிறது. சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருக்கிறாள். இது முன்னேற்றமா என்று எழுது.

வஸ்ஸலாம்.
வாப்பா


லெஸ்டர்
9 பெப்ரவரி 2026

அன்பின் வாப்பாவுக்கு,

வஅலைக்கும் ஸலாம். முழங்கால் எப்படி? எனக்கு வந்தது சாதாரணச் சளித் தடிமன்தான், மாறிவிட்டது.

திரைக்குப் பிறகு அதிர்வு குறைந்தது நல்ல அறிகுறி. படுத்திருப்பது களைத்த உடல் ஓய்வு கேட்பது. தடுக்காதீர்கள். லோஜினி செய்ததும் சரி. வற்புறுத்தும் உதவி இன்னொரு காயம். தெரிவு எப்போதும் அவளிடமே இருக்க வேண்டும்.

எப்போது வருவேன் என்று நீங்கள் கேட்கவில்லை. ஆனாலும் எழுதுகிறேன். விசா புதுப்பிப்பதற்காகக் கடவுச்சீட்டு இந்நாட்டு உள்துறை அலுவலகத்தில் இருக்கிறது. இடையில் நாட்டைவிட்டு வெளியேறினால் விண்ணப்பம் செத்துவிடும். பிறகு இங்கே திரும்ப முடியாது. பாஸ்போர்ட் கையில் கிடைத்ததும் வருவேன், இன்ஷா அல்லாஹ்.

நோன்பு வரப்போகிறது. அவளுடைய ஆன்மீகப் பக்கத்துக்கு அது வலிமை தரும்.

உங்கள் மகன்,
அஸ்ஃபர்


அலவத்துகொட
27 பெப்ரவரி 2026

அன்பு மகன் அஸ்ஃபருக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நோன்புக் கஞ்சிக்கு இந்த முறை ஆட்டிறைச்சி தாராளம். என் பிரஷருக்கு அது ஆகாது என்று தெரிந்துகொண்டே குடிக்கிறேன்.

உன் தங்கை ஊரில் பெயர் பெற்றுவிட்டாள். பெண்கள் கூட்டமாக வருகிறார்கள், அவளைக் கதவிடுக்கில் எட்டிப் பார்க்கிறார்கள், கண் கலங்கிப் போகிறார்கள். இத்தா இருந்தால் இப்படி இருக்க வேண்டும் என்று தங்கள் மகள்மாருக்குச் சொல்கிறார்களாம். பேசுவதில்லை என்பது இத்தாவின் ஒழுக்கம். சாப்பிடுவதில்லை என்பது நோன்பு. தூங்குவதில்லை என்பது இரவு வணக்கம். ஒரு மனுஷி அணு அணுவாக அணைந்துபோவதற்கு இவ்வளவு மரியாதையான ஏற்பாடு வேறெங்கும் கிடைக்காது என்று நினைக்கிறேன்.

நோன்பு திறக்கும் நேரத்திலும் அவள் சாப்பிடுவதில்லை என்பது எனக்கும் பஸ்லினா சாச்சிக்கும் மட்டும் தெரியும். பேரீச்சம்பழத்தை வாயில் வைத்துத் திரும்ப எடுத்துவிடுகிறாள். வெள்ளைச் சட்டைக்குள் தோள் எலும்பு தெரிகிறது. சாச்சியும் இப்போது முணுமுணுப்பதில்லை.

லோஜினி மூன்றாவது தடவையும் வந்து போய்விட்டது. முன்கூடத்தில் அதற்கென்று ஒரு கதிரை ஆகிவிட்டது. சாச்சி அதற்கு வட்டிலப்பம் கொடுத்தனுப்பும் அளவுக்கு உறவு வளர்ந்துவிட்டது. அறைக் கதவு மட்டும் வளரவில்லை. உள்ளே போய்ப் பேசினால் என்ன பிள்ளை என்று கேட்டேன். “அவங்களா வரணும்னு நினைக்கிற வரைக்கும் நாங்க வெளிய இருக்கிறதுதான் சேர் முறை” என்றது. சொல்லிவிட்டு வெகுநேரம் குனிந்து தன் செருப்பையே பார்த்தது. அந்தப் பிள்ளைக்கும் அந்த முறையில் முழு நம்பிக்கை இல்லை என்று பட்டது.

நாங்கள் பண்பாட்டை மதிக்கிறோம், அவர்கள் தெரிவை மதிக்கிறார்கள். இவ்வளவு மதிப்புக்கும் நடுவில் அவள் அறைக்குள் யாரும் போவதில்லை.

இன்னொன்று. உன் கடிதங்களைக் கட்டி வைத்திருக்கிறேன். திரும்ப வாசித்தேன். ஒன்றிலாவது ஸாகியின் பெயர் இல்லை. குறையாகச் சொல்லவில்லை. கவனித்தேன், அவ்வளவுதான்.

வஸ்ஸலாம்.
வாப்பா


லெஸ்டர்
11 மார்ச் 2026

அன்பின் வாப்பாவுக்கு,

ஸலாம். சுகம். நீங்களும் சுகமாக இருக்க துஆ.

வேலை அதிகம், ஆகவே சுருக்கமாக எழுதுகிறேன். திரவ உணவு கொடுத்துப் பாருங்கள். மூச்சுப் பயிற்சி: நாலு எண்ணி உள்ளே, ஆறு எண்ணி வெளியே. கடவுச்சீட்டு இன்னும் வரவில்லை. 

அஸ்ஃபர்


அலவத்துகொட
25 மார்ச் 2026

அன்பு மகன் அஸ்ஃபருக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். பெருநாள் போனது. ஊரில் எல்லாரும் புதுச் சட்டை போட்டார்கள். நான் பழையதைத் தோய்த்துப் போட்டேன்.

நோன்பு முடிந்தால் அவள் சாப்பிடாததற்குக் காரணம் தேட வேண்டியிருக்கும் என்று நானும் சாச்சியும் பயந்திருந்தோம். தேவைப்படவில்லை. பெருநாளுக்குப் பிறகு வரும் ஆறு நோன்பையும் பிடிக்கிறாளாக்கும் என்று ஊரே சொல்லிவிட்டது. இந்த ஊருக்கு இரக்கம் அதிகம்.

ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். சாச்சி வேண்டாமென்று சொல்லவில்லை, அதிலிருந்தே நிலைமையைப் புரிந்துகொள். டொக்டர் நல்லவர். சேலைன் ஏற்றினார். சத்து மாத்திரை தந்தார். மனக் கவலைதான், இத்தா முடிந்து வெளியே நடமாடினால் சரியாகிவிடும் என்றார். எல்லாரும் அந்தத் திகதியைத்தான் சொல்கிறார்கள். ஏப்ரல் முதல் வாரம் இறைவனிடமிருந்து ஒரு சுற்றறிக்கை வந்து அவளை விடுவிக்கும் என்பதுபோல நானும் காத்திருக்கிறேன்.

மகன், இதுவரை நான் வேடிக்கையாகவே எழுதியிருக்கிறேன். எனக்கு வேறு மாதிரி எழுதத் தெரியாது. இப்போது நேராகக் கேட்கிறேன். அவள் செத்துப்போவாளோ என்று பயமாக இருக்கிறது. நான் என்ன செய்ய வேண்டும்? முறையை விட்டுவிடு. அவளோடு பிறந்த நானாவாக, அண்ணனாகச் சொல்.

வாப்பா


அலவத்துகொட
10 ஏப்ரல் 2026

அன்பு மகன் அஸ்ஃபருக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உன் பதில் இன்னும் வரவில்லை. தபால் தாமதமோ என்னவோ. அதற்காகக் காத்திராமல் எழுதுகிறேன்.

இத்தா முடிந்துவிட்டது. அன்று காலை சொந்தக்காரப் பெண்கள் வந்தார்கள். குளிக்க வெந்நீர் வைத்தார்கள். இளம்பச்சையில் ஒரு புதுச் சட்டை கொண்டுவந்திருந்தார்கள். சாச்சி நெய்ச்சோறு ஆக்கினார். கதவைத் தட்டினார்கள். அவள் எழும்பவில்லை. பச்சைச் சட்டையைக் கட்டிலில் வைத்தார்கள். அதை மடித்து அலுமாரி மேல் வைத்துவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிவிட்டாள்.

இத்தாவுக்கு உள்ளே வைக்கச் சட்டம் இருக்கிறது, வெளியே வராதவளுக்குச் சட்டம் இல்லை. பெண்கள் நெய்ச்சோற்றைச் சாப்பிட்டுவிட்டுப் போய்விட்டார்கள். நிலையத்தைக் கூப்பிட்டேன். புத்தாண்டு விடுமுறை முடியும்வரை பூட்டு.

எல்லாரும் போன பிறகு நான் உள்ளே போய்த் தரையில் உட்கார்ந்தேன். முழங்கால் மடங்காத சத்தம் அவளுக்குக் கேட்டிருக்க வேண்டும், திரும்பிப் பார்த்தாள். உன் முறையில் கேட்கச் சொல்லி, ஆனால் இப்போது வேண்டாம் என்று வைத்த கேள்வி ஒன்று இருந்ததே, அதைக் கேட்டேன். என்ன மகள் நடந்தது என்று கேட்டேன்.

அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். மொழிபெயர்க்கவில்லை.

“நான் இத்தா இருக்கல்ல வாப்பா. அவர் வாறேன்ண்டு செல்லித்தானே என்ன முன்னுக்கு அனுப்பின. வீல எடுத்துக்கொண்டு வாறேன்ண்டு. நான் ரோட்டப் பாத்துக்கொண்டு ஈந்தேன்.”

பிறகு சொன்னாள். “நீங்க திரையப் போட்டுட்டீங்க.”

ஏன் அன்றைக்கே சொல்லவில்லை என்று கேட்டேன். “யாரும் கேக்கல்லயே” என்றாள். கோபமில்லாமல்தான் சொன்னாள்.

மகன், நாலு மாதமாக இந்த வீட்டில் ஒரு விதவை இருந்ததாக நாங்கள் எல்லாரும் நடந்துகொண்டோம். அப்படி ஒருத்தி இருக்கவில்லை. புருஷன் வரும் வழியைப் பார்த்துக்கொண்டு ஒருத்தி இருந்தாள். அவள் கண்ணை நான்தான் ஆணி அடித்து மூடினேன்.

வாப்பா


லெஸ்டர்
27 ஏப்ரல் 2026

வாப்பா,

ஸலாம். உங்கள் இரண்டு கடிதங்களும் ஒரே நாளில் வந்தன. முதலாவதை வாசித்துப் பதில் யோசித்துக்கொண்டே இரண்டாவதைப் பிரித்தேன்.

நீங்கள் கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை. நானாவாகத் தேடினேன், அங்கேயும் இல்லை. திரை என்னுடைய வார்த்தை. இங்கே என்னிடம் வருகிறவர்கள் எல்லாருக்கும் அது பொருந்தியது.

மார்ச்சிலிருந்து நான் சிகிச்சைக்கு வருகிற யாரையும் பார்க்கவில்லை வாப்பா. ஒரு பெண் தன் மச்சானைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தபோது என்னால் உட்கார்ந்திருக்க முடியவில்லை. எங்கள் மேற்பார்வையாளர் கொஞ்சக் காலம் வீட்டில் இருக்கச் சொன்னார். ‘வேலை அதிகம்’ என்று எழுதிய நாளில் நான் சமையலறையில் உட்கார்ந்திருந்தேன்.

நான் கடைசியாகப் புறப்பட்டபோது எயார்போர்ட்டுக்கு ஸாகிதான் கொண்டுவந்து விட்டார். கட்டுநாயக்க வரைக்கும் த்ரீவீலில் யாரும் போவார்களா என்று நீங்கள் ஏசினீர்கள். மச்சானை வேறு யாருடைய வாகனத்திலும் அனுப்ப ஏலாது என்று அவர் ஒரே பிடிவாதம். வழியெல்லாம் பாட்டு. மழை உள்ளே அடித்து என் பெட்டி நனைந்தது. “நீ போ மச்சான், நான் ஒரு நாளைக்கு வீலோட வந்து நிப்பேன், உன்ட வெள்ளைக்காரன்கள் பயந்து ஓடுவான்கள்” என்றார்.

ஸாகி, ஸாகி, ஸாகி. எழுதிவிட்டேன். 

இந்தப் பகுதியைத் தங்கச்சிக்கு வாசித்துக் காட்டுங்கள். காட்ட வேண்டாமென்று தோன்றினால் விடுங்கள். எனக்குத் தெரியவில்லை.

கடவுச்சீட்டு வரவில்லை.

அஸ்ஃபர்


அலவத்துகொட
14 மே 2026

அன்பு மகன் அஸ்ஃபருக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நீ சாப்பிடுகிறாயா? உன் சமையலறையைப் பற்றிச் சாச்சியிடம் சொல்லவில்லை. சொன்னால் சம்பல் போத்தல் அனுப்புவார், சுங்கத்தில் பிடிப்பார்கள்.

வாசித்துக் காட்டினேன். பெட்டி நனைந்த இடத்தில் அவள் வாயோரம் ஏதோ அசைந்தது. “ரெண்டு பேரும் நனைஞ்சிதான் ஈந்தாங்க” என்றாள். வீட்டுக்குத் திரும்பியபோது ஸாகிக்குக் காய்ச்சல் வந்ததாம். அது உனக்குத் தெரிந்திருக்காது.

திரையைக் கழற்றிவிட்டேன். போட்ட ஆணிகள் சுலபத்தில் வரவில்லை, சுவரில் கொஞ்சம் பெயர்ந்தது. துணியைச் சாச்சி அரிசி மூட்டைக்கு மேல் போட்டிருக்கிறார். வீதியைப் பார்ப்பது பற்றி அவர் இப்போது ஒன்றும் சொல்வதில்லை. ஊர் சொல்கிறது. இத்தாவில் அவளைப் புகழ்ந்தவர்கள், இத்தா முடிந்தும் வெள்ளையோடு ஜன்னலில் இருப்பது நல்லதில்லை என்கிறார்கள். பேரெடுக்கவும் ஒரு காலவரையறை உண்டு போலிருக்கிறது.

லோஜினி வந்தது. இந்த முறை அறைக்குள் போனது. என்ன பயிற்சி செய்தது என்று நீ கேட்பாய். ஒன்றும் செய்யவில்லை. ஜன்னலருகே தரையில் உட்கார்ந்து, வெகுநேரம் வீதியைப் பார்த்தது. புறப்படும்போது, “எங்க புத்தகத்துல இதுக்கு ஒண்ணும் போட்டில்ல சேர். அடுத்த கிழமையும் வாறேன்” என்றது. வட்டிலப்பத்தை மறந்துவிட்டுப் போய்விட்டது.

குணமாகிவிட்டாள் என்று நினைக்காதே. நான் பக்கத்தில் உட்கார்ந்தால் கொஞ்சம் கஞ்சி குடிக்கிறாள். எழும்பினால் கோப்பையை வைத்துவிடுகிறாள். ஆகவே முன்கூடத்திலிருந்து என் கதிரையை ஜன்னலடிக்குக் கொண்டுவந்துவிட்டேன். அவர் வரமாட்டார் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வருவார் என்று சொல்லவும் வரவில்லை. இரண்டுக்கும் நடுவில் ஒரு கதிரை போட்டு உட்கார்ந்திருக்கிறேன்.

நேற்று அஸர் தொழுகைக்குப் பிறகு மேட்டுப் பக்கத்திலிருந்து ஒரு த்ரீவீல் இறங்கிய சத்தம். அவள் நிமிர்ந்தாள். நானும் நிமிர்ந்திருக்கிறேன் என்பது கழுத்து வலித்த பிறகுதான் தெரிந்தது. பச்சை வீல். ஸாகியுடையது சிவப்பு.

“இது இல்ல” என்றாள்.

“இல்ல மகள்” என்றேன். கஞ்சியை எடுத்தாள்.

இதையும் ஜன்னலடியில்தான் எழுதுகிறேன். பேனையின் சத்தம் அவளுக்குக் கேட்கிறது, என்ன எழுதுகிறேன் என்று விசாரிக்கவில்லை. உன் சுகத்தை மறைக்காமல் எழுது. இன்னும் எழுத இருந்தது. மேட்டுப் பக்கம் ஏதோ சத்தம் கேட்கிறது. நிறுத்துகிறேன்.

வாப்பா